கதவில் சிவப்பு

ஜூன் 3, செவ்வாய்
வேலை முடிந்து வந்தால் கதவில் சிவப்பு பெயிண்ட். வட்டம் போட்டு, உள்ளே ஓர் எண். ஓடைக்கரையை அளக்க ஆபீஸ்காரர்கள் வந்தார்களாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையே கதி என்று கிடப்பவள் நான். சிவப்புக் குறி வைத்தால் அந்த பீஸ் ரிஜெக்ட் என்று எனக்கா தெரியாது? இன்று ரிஜெக்ட் ஆனது என் வீடு.

எதிர்க்கரையிலும் இதே ஓடையை ஒட்டித்தான் அடுக்குமாடி. அதற்கு ‘ரிவர் வியூ’ என்று பெயர். எங்களுக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். அந்தக் கதவுகளில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

ஜூன் 4
பக்கத்து வீட்டு ரங்காத்தாள் வேறு கதை சொல்கிறாள். “நம்பர் இருந்தாத்தேன் புள்ள வேற ஊடு குடுப்பாங்களாமா.”
“ஆருங்க அக்கா சொன்னது?”
“டீக்கடைல.”
டீக்கடை வதந்தியை நம்புவதா? அங்கே பாதியைக் கிளப்பிவிடுகிறவளே நான்தானே.

ஜூன் 6, வெள்ளி
கம்பெனியிலிருந்து கறை எடுக்கும் மருந்து கொஞ்சம் கொண்டுவந்தேன். பனியன் வேஸ்ட் துணியில் நனைத்துக் கதவைத் தேய்த்தேன். வெள்ளைக்காரன் ஆர்டருக்குக்கூட இத்தனை சுத்தமாகக் கறை எடுத்ததில்லை. அப்பாடா.

ஜூன் 17, செவ்வாய்
ஐயோ. டீக்கடை சொன்னது நிஜம்.

எண் இருக்கும் கதவுக்கெல்லாம் ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் பக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு. ஆபீசர் என் கதவு முன்னால் நின்றார். “நம்பர் இல்லியேம்மா? அளந்ததுக்கப்புறம் வந்து உக்காந்தவங்களுக்குக் கெடையாது.”
“நாந்தானுங்க சார் அழிச்சனுங்க.”
“எதுக்கு?”
சொன்னேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ரேஷன் கார்டை நீட்டினால் அதில் இன்னும் பல்லடத்து முகவரி. மாத்தறேன் மாத்தறேன்னு... சனியன், எங்க மாத்துனேன்?

ரங்காத்தாள் சண்டைக்கே போய்விட்டாள். “இவ இங்கயே கெடக்கறவ சாமி! வேணும்னா அந்த ஓடையக் கேளுங்க!”
ஓடையை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 1
லாரிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறேன். வாடகைக்கு லைன் வீடு கேட்டுப் போனால், “ஒண்டிப் பொம்பளைக்குக் குடுக்கறதில்லீங்க.” இடிபடப்போகிறது என்று தெரிந்ததும் வாடகையும் ஏறிவிட்டது. எங்கே போவேன்?

ஜூலை 8
ஜேசிபி வந்தது. பாத்திரங்களை எடுத்தேன். கதவை எடுக்க விடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
ரங்காத்தாளுக்குக் கிடைத்த வீடு, நான்காவது மாடி. நான் ஒளிந்திருக்கிறேன். வேறு ஆள் தங்கினால் ஒதுக்கீடு ரத்து என்று கீழே போர்டு. என்னால் அவளுக்கும் போய்விட்டால்?

படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் பாத்ரூமுக்குள். ஊர்க்கதையெல்லாம் அளந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.
“வெளிய வா புள்ள. சிலிண்டர் போடறவன்தேன்.”

இந்தக் கதவிலும் சிவப்பில்தான் எண். மேலே தூசி படிந்திருந்தது. பனியன் வேஸ்ட் எடுத்துத் துடைத்தேன். மெதுவாக. அழுத்தாமல்.