எட்டுக் குப்பிகள்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டரை: 4.2 டிகிரி. மாலை ஐந்து: 4.6. தடுப்பு மருந்துக் கிடங்கின் சுவரில் தொங்கும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வருடம். ஒருநாள்கூட விடவில்லை. விடுமுறையிலும் யாரோ வந்து, கதவைத் திறந்து, எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் லாரி வந்தது. கடலுக்கு அப்பால் எங்கோ நிரப்பிய குப்பிகள். அங்கிருந்து என் மேசைவரை எத்தனை கைகள்? எல்லாமே இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். சற்றே கலங்கிய நீர், சுண்டுவிரல் உயரம். பத்துக் குழந்தைகளுக்கு, ஐந்து நோய்களுக்கு எதிராக.

அக்கா கேட்டாள். "தத்துவத்துல எம்.ஏ. முடிச்சிட்டு அங்க என்னதான்டி பண்றே?"

"குளிருக்குக் காவல் இருக்கேன்."

"முதல்ல நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கதவை ஒழுங்கா மூடு தாயே."

மார்ச் 5

லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். குப்பி தான் பட்டதைத் தானே எழுதிக்கொள்கிறது!

மார்ச் 9, திங்கள்

அக்கரை சுகாதார நிலையத்துக்கு எட்டுக் குப்பிகள் போயின. வியாழன் அங்கே ஊசி நாள். அறுபத்தொரு குழந்தைகள்.

ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் குளிர்பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேசையில் பரப்பி, மேலே வியர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகும். இன்று நேரத்தோடு எடுத்து வைக்க மறந்தேன். அட்டவணை ஒன்றில் மூழ்கியிருந்தேன். அதற்குள் ஓட்டுநர் வந்துவிட்டார். எக்ஸ்பிரஸ் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர்.

"பேக் வேர்த்துச்சாம்மா? பத்து மணிப் படகை விட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான்."

"வேர்த்துச்சு."

வியர்க்கவில்லை. கல்லாக இருந்தன. வெயில் கொளுத்துகிறது, குளிர் கொஞ்சம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன் — நினைத்தேனா? இல்லை. பொய் முதலில் வந்தது. காரணம் பிறகு வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று இரவு கையேட்டை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

இந்த மருந்துக்குச் சூட்டைவிட உறைவதுதான் ஆபத்து. ஒருமுறை உறைந்தால் போச்சு. பிறகு உருகிவிடும், பார்வைக்குப் பழையபடியே இருக்கும். சதுரமும் வெளிறியே இருக்கும். அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும், குளிரைப் பற்றி வாயே திறக்காது. ஊசி போடுவார்கள். குழந்தை அழும். அட்டையில் தேதி விழும். எல்லாம் முறைப்படி நடக்கும். உள்ளே மட்டும் ஒன்றும் நடக்காது.

பேக் வியர்க்கவில்லை என்று தெரிந்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தி.

பதினொரு மணிக்குக் கிடங்கு அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறைஞ்சதுன்னு உறுதியா தெரியுமா?"

"தெரியாது சார். பேக் கல்லா இருந்தது. அது மட்டும் தெரியும்."

"எட்டுக் குப்பி வீண்னு எழுதினா மேலேர்ந்து கேள்வி வரும்."

"எழுதலேன்னா?"

"கேள்வியே வராது. அதான்மா பயமே." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதே பேட்ச்ல கையில எத்தனை இருக்கு?"

ஒன்று. மற்றதெல்லாம் மற்ற நிலையங்களுக்குப் போய்விட்டது. அடுத்த லாரி அடுத்த செவ்வாய்க்கிழமைதான்.

"அதை உறைய வை. உருகினதும் எடுத்துட்டுப் போய் அந்த எட்டையும் பக்கத்துல வச்சுக் குலுக்கிப் பாரு. இதே மாதிரி அடியில படிஞ்சா, அதுவும் உறைஞ்சதுன்னு அர்த்தம்."

"சார், அது பத்துக் குழந்தைக்கு."

"தெரியும்."

ஒரு குப்பியை, கெட்டுப் போகட்டும் என்றே, உறைபெட்டியில் வைத்தேன்.

அக்கரைச் செவிலிக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டார். "ஏம்மா, வேர்க்கலைன்னா வேர்க்கலைன்னு சொல்றதுக்கென்ன? படகு போனா உலகம் முழுகிடுமா?" பிறகு: "தூரத்து ஊர்க்காரங்க நாளைக்கே கிளம்பிடுவாங்க, யாருக்கும் சொல்லி அனுப்ப முடியாது. வியாழக்கிழமை நீயே வா. நல்லதோ கெட்டதோ, உன் வாயால சொல்லு."

மார்ச் 11

உறைய வைத்த குப்பி காலையில் கல். வெளியே எடுத்து வைத்தேன். மாலையில் நீர். ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. எவ்வளவு பெரிய நடிகை.

மார்ச் 12, வியாழன்

வெளித் தாழ்வாரம் நிறைய அம்மாக்கள். பெஞ்சு போதாமல் தரையிலும் படியிலும். இடுப்பில், மடியில், துணித்தூளியில் குழந்தைகள். நான் உள்ளே போக வழி விட்டார்கள்.

உறைய வைத்த குப்பியையும் எட்டுக் குப்பிகளையும் ஒவ்வொன்றாகக் குலுக்கி ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினோம். பிறகு பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. செவிலி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கெட்ட குப்பியில் முதலில் பொடிப்பொடியாக ஏதோ திரண்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. மெதுவாக, ஒரே சீராக, அடியை நோக்கி. மேலே நீர் தெளிந்தது. அத்தனை அழகு. கலங்கல்தான் உயிர் என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கோடிக்கணக்கில், ஒன்றையொன்று ஒட்டாமல், மருந்தைத் தாங்கி மிதந்திருக்கின்றன. ஒரு ஐஸ் பேக் அதைக் கலைத்துவிடும்.

பக்கத்துக் குப்பி. அதற்கடுத்தது. அதற்கடுத்தது.

எட்டும் அதே வேகத்தில் தெளிந்தன.

"போ, சொல்லு," என்றார் செவிலி.

சொன்னேன். மருந்து உறைந்துவிட்டது, தப்பு என்னுடையது, இன்றைக்கு ஊசி இல்லை, அடுத்த வியாழன் வர வேண்டும். முன்னால் இருந்தவள் கேட்டாள்.

"அதைப் போட்டிருந்தா எம்புள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. போட்டும் போடாத மாதிரிதான். அதான் போடல."

படியில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி எழுந்தாள். என் வயதுதான் இருக்கும். காலெல்லாம் செம்மண்.

"நேத்து சாயங்காலம் கிளம்பினேன். ஆறு மணி நேரம், இதை இடுப்புல வச்சுக்கிட்டு. உனக்கு அரை மணி நேரம் நிக்க முடியலையா?"



அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மற்றவர்கள் அட்டையை நீட்டினார்கள். செவிலி ஒவ்வொன்றிலும் புதுத் தேதி எழுதினார்.

மார்ச் 13

'எட்டு வீண். சோதனைக்கு ஒன்று. காரணம்: பேக் வியர்க்கும் முன் வைத்தது. வைத்தவர்: நான்.' கையெழுத்து.

மார்ச் 17

லாரி. புதிய பேட்ச். 3.9 டிகிரி.

மார்ச் 19, வியாழன்

நானே கொண்டு போனேன். மேசைமேல் நான்கு பேக்குகள். ஐம்பத்திரண்டு நிமிடம். எக்ஸ்பிரஸ் வாசலில் நின்று, "அடை காத்துக் குஞ்சு பொரிக்கப் போறியா என்ன?" என்றார். சிரிக்கவில்லை நான். முத்து முத்தாக வியர்த்தது. அப்புறம்தான் மூடினேன்.

வருவார்களா?

படகிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. மேட்டுப் பாதையில் ஒற்றை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். குடைகள், துணித்தூளிகள். எவ்வளவு தூரம் போன வாரம் வீணாக நடந்தார்களோ அதே தூரம், மறுபடியும். நான் ஒன்பது வருடத் தாள்களைப் பார்த்து வியந்தவள். அவை வெறும் தாள்கள்.

மாலை செவிலி எண்ணினார். அறுபது.

"அந்த ஆறு மணி நேரக்காரி வரல."

"என்ன செய்யறது?"

"என்ன செய்யறது? நடக்கறது. நாளைக்குக் காலைல. வர்றியா?"

மார்ச் 20, வெள்ளி

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெட்டியை நான் சுமந்தேன். இரண்டு ஓடை, ஒரு மேடு. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள், செம்மண்.

உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் என்று நினைத்தேன். குழந்தையோடு வந்தாள். செவிலியிடம் கொடுக்கட்டும் என்று விலகி நின்றேன்.

"நீ உட்காரு. நீயே பிடி. எனக்குப் பார்க்க முடியாது," என்று என் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொடையைப் பிடித்தேன். எவ்வளவு சூடு.