ஒற்றைப்படை தேதித் தலைவலி

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழு நலம், நான் கழுத்துக்குக் கீழே முழு நலம். அங்கே நீ கழுத்துக்கு மேலே எப்படி இருக்கிறாய் என்று அறியத்தான் இந்தக் கடிதம். முகத்தைச் சுளிக்காதே, உனக்கும் தலைவலி வருவது, திரையை இழுத்துவிட்டுப் படுப்பது, தினமும் மாத்திரையை முழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவது எல்லாம் எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லிடாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாயாம். போனை வைத்த கையோடு அவள் ஓடி வந்து, உங்ககிட்ட சொல்லக் கூடாதாம் என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

உன்னைத் திட்டும் முன் என் வண்டவாளத்தைக் கேள். மூன்று மாதம் முன்பு பம்ப் ஹவுஸ் டூட்டியில் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் மேல் பளபளவென்று ஒரு கோடு கோணல்மாணலாக நெளிந்தது. கேஜ் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். புதிய கேஜிலும் அதே கோடு, அதையும் கழற்றச் சொன்னேன். மூன்றாவதை மாட்டும்போது கோடு மெக்கானிக்கின் மூக்கில் நெளிந்தது, அதற்கு ஸ்டோரில் ஸ்பேர் இல்லை. அரை மணி நேரத்தில் வலது பொட்டில் சம்மட்டி அடி, கூடவே வாந்தி. போய்ப் பார்த்த டாக்டரம்மா, இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலின்னு சொல்வாங்க, கோடு தெரியறது அதோட முன்னறிவிப்பு, வலி வர்ற நாளையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க என்றார். எழுதினேன். மூன்றாம் தேதி, ஏழு, பதினொன்று, பத்தொன்பது, எல்லாமே ஒற்றைப்படை! அதனால்தான் ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்தபோது இரண்டு நாளும் வலித்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு பக்கம் வலிக்கிறதாலதாங்க ஒற்றை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல வேளை, அவள் தலையில்.

அந்த முப்பத்தொன்றாம் தேதி கண்ணுக்கு வெளிச்சமே ஆகவில்லை. வீட்டில் இருட்டான இடம் துணி அலமாரிதான் என்று கண்ணில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அதன் கீலைச் சரிபண்ணத் தச்சர் வருவதை அம்மா மறந்துவிட்டாள். கதவைத் திறந்த தச்சர் போட்ட கூச்சலில் இடது பக்கமும் வலிக்க ஆரம்பித்தது. அவர் இப்போது நம் தெருப் பக்கமே வருவதில்லை, அலமாரி இன்னும் கிறீச்சிடுகிறது.

டாக்டரம்மாவிடம் நோட்டை நீட்டி என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது சரி, ஒற்றைப்படை தேதில நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒற்றைப்படை தேதிகளில் காலை டூட்டி என்னுடையது, இரட்டைப்படை என்னோடு வேலை பார்க்கும் வழுக்கையாருடையது. என் நாட்களில் விடியும் முன் எழுந்து, சாப்பிடாமல் ஓடி, பதினோரு மணி வரை வெறும் டீயோடு, கண் சிமிட்டும் டியூப் லைட்டின் கீழே உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் ஒன்பது வரை தூக்கம். தேதி என்னங்க பாவம் பண்ணுச்சு, தினமும் ஒரே நேரத்துல தூங்கி எழுந்திருங்க, வயித்தைக் காயப் போடாதீங்க என்றார். அப்படியே செய்கிறேன், போன மாதம் இரண்டே தடவைதான் வந்தது. டியூப் லைட்டை மாற்றச் சொன்னால் மட்டும் மெக்கானிக், லைட்டா உங்க கண்ணான்னு முதல்ல முடிவு பண்ணுங்க சார் என்கிறார்.

சிரித்தது போதும், உன் கதைக்கு வருகிறேன். வலி மாத்திரையை அடிக்கடி முழுங்கினால் அந்த மாத்திரையே வலியைக் கொண்டு வருமாம். நீ தினமும் முழுங்குகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாவிட்டால் தலைவலி வரும், அதனால் பயந்துகொண்டே சாப்பிடுகிறேன். இந்த வாரமே டாக்டரைப் பார், நீயாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதுவரை இல்லாத வலி திடீரென்று வந்தாலோ, நாக்கு குழறினாலோ, கை மரத்துப்போனாலோ நோட்டைத் தேடிக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இத்துடன் உனக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் அப்பா என்று நானே எழுதிவிட்டேன். உன்னைப் பற்றிக் கேட்டபோது, இது குடும்பத்துல வர்றதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். என் மூக்கைக் கொடுத்தேன், பிடிவாதத்தைக் கொடுத்தேன், இதையுமா கொடுத்தேன் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன், இதை நீ அவளிடம் சொல்லாதே. சொன்னால் அவள் உன்னிடமே திரும்பச் சொல்வாள்.

அம்மா உனக்கு ஆயிரம் முத்தம் கொடுக்கச் சொன்னாள், நான் நெற்றியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தருகிறேன். மறக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. பெயர்தான் ஒற்றைத் தலைவலி, அதற்காக ஒற்றை ஆளாகத் தாங்காதே. வலி வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு, பேசக்கூட வேண்டாம், நான் இங்கே விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன்னோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். எந்தத் தேதியானாலும் சரி.

உன் மண்டைக்கு முழுப் பொறுப்பேற்கும்,
அப்பா