மண்டியிட்டு வாங்கிய கையெழுத்து

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவின் விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை பார்த்தேன். ஐந்து வருட ஆய்வு உதவித்தொகை. கிடைத்தால் விக்டோரியா ஏரி நத்தைகளை ஆராய்வாள். அவற்றிலிருந்து வரும் புழுதான் எங்கள் கரைப் பிள்ளைகளின் ஈரலைக் கெடுக்கிறது. கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு அவளுக்கு வேலையே இல்லை.

வெள்ளைக்காரர்கள் தயாரித்த படிவம். கேள்வி பதினொன்று: வெப்பமண்டல நோய்கள் உள்ள நாடுகளுக்குப் பயணம் செய்த அனுபவம் உண்டா?

“தினமும் வீட்டுலேருந்து ஆய்வு நிலையத்துக்கு நடந்து போறேன்னு போடவா?” என்றாள் அம்மா.

வெப்பமண்டல நோயாம். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் வயிற்றுவலி.

பிப்ரவரி 6

ஆய்வு நிலைய இயக்குநரின் ஆதரவுக் கடிதம் வேண்டும். இயக்குநரான பேராசிரியர் லுக்வாகோ கடைசியாக நத்தையைத் தொட்டது நான் பிறப்பதற்கு முன். ஆனால் நிலையத்தின் ஒரே நல்ல மைக்ராஸ்கோப் அவர் அறையில்தான் இருக்கிறது — பூப்போட்ட துணி போர்த்தி, அலங்காரப் பொருளாக!

“நீயே எழுதிக் கொண்டா நபுக்கீரா, கையெழுத்துப் போடுறேன்” என்று அம்மாவிடம் சொன்னாராம். எல்லோருக்கும் அப்படித்தானாம்.

அம்மா இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பத்தி முழுக்க அவர் புகழ். அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 10

பள்ளி விட்டதும் என்னையும் அவர் அறைக்குக் கூட்டிப் போனாள். வாசலிலேயே மண்டியிட்டாள். பெரியவர்களுக்குப் பெண்கள் மண்டியிடுவது எங்கள் புகாண்டாப் பகுதி வழக்கம்தான். அதற்காக ஆய்வகக் கோட்டோடா? முனைவர் பட்டத்தோடா?

“நல்லா இருக்கீங்களா ஐயா? வீட்டுல எல்லாரும் சுகமா? வாழைத்தோட்டம் எப்படி ஐயா?”

அவர் முகம் மலர்ந்தது. முதல் பத்தியை மட்டும் வாய்விட்டு வாசித்தார், இரண்டு தடவை. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். நான் மண்டியிடாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

“உன் பொண்ணுக்குப் படிப்பு வந்திருக்கு, மரியாதை வரல” என்றார் அம்மாவிடம்.

வழியில் கேட்டேன்: “வெக்கமா இல்லையாம்மா?”

“முட்டியில மண்ணு இருக்கா பாரு. தட்டிவிடு.”

தட்டவில்லை. இவளைப் போல நான் ஆகவே மாட்டேன்.

மார்ச் 2

விண்ணப்பம் போய்விட்டது. அவளோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

மே 19

கிடைத்துவிட்டது! அம்மா அழுதாள். நானும்தான் — கொஞ்சம்.

மே 22

இயக்குநர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா மண்டியிட்டாள், தோட்டம்வரை நலம் கேட்டாள், டீ கொடுத்தாள்.

“திட்டத் தலைவர்னு என் பேரைப் போட்டுடு. நீ வேலையப் பாத்துக்க” என்றார்.

அம்மா அவர் கடிதத்தின் நகலையே எடுத்து நீட்டினாள். இரண்டாம் பக்கம். ‘இத்திட்டத்துக்கு டாக்டர் நபுக்கீரா மட்டுமே தலைவர். என் அறையிலுள்ள மைக்ராஸ்கோப்பை ஐந்து வருடங்களுக்கு அவரிடம் ஒப்படைக்கிறேன்.’

“இத யார் எழுதினது?”

“நீங்கதானே ஐயா. முத்திரைகூட இருக்கே.”

அவர் எழுந்தார். டீயைத் தொடவில்லை. நான் ஓடிப்போய் வாசலில் மண்டியிட்டேன், இரண்டு முட்டியும் தரையில் படும்படி.

“போய்ட்டு வாங்க ஐயா. மைக்ராஸ்கோப்ப எடுக்க நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?”

கார் போனதும் அம்மா குனிந்து என் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.