லயத்து முகவரிக்கு வரும் முடிவு

அன்புள்ள அம்மாவுக்கு,

கும்பிட்டு எழுதுறேன். முழங்கால் வலி குறைஞ்சுதா? கொழும்புல நான் சுகமா இருக்கேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டேன்ல, அந்த விண்ணப்பத்துல பழக்கதோசத்துல நம்ம தோட்டத்து லயத்து வீட்டு முகவரியை எழுதிட்டேன். முடிவு தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்க கடிதம் வாரக்கணக்குல கிடக்குமே, அதான் இந்தக் கடிதத்தைத் தபால்ல போடாம, இங்க வந்துட்டு ஊருக்குத் திரும்புற நம்ம பக்கத்து வீட்டு சிவசக்தி அக்காகிட்ட கொடுத்தனுப்புறேன்.

காலையில வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப, என் முடிவு வந்துச்சான்னு ஆபீசுல கேட்டுப் பாருங்கம்மா. பகல்லயே கனவு மாதிரி வருது. லுணுகலை மலை முழுக்கப் பனிமூட்டம், நீங்க பறிச்ச தேயிலைக் கொழுந்தை நிறுக்க இறங்கி வர்றீங்க, கூடையில கொழுந்துக்கு நடுவுல எனக்கு வந்த முடிவுக் கடிதம் நனையாம இருக்கு.

முடிவு வந்தா பிரிக்காம வைங்க, நான் வந்து பிரிக்கிறேன். அக்காவோட பஸ் வந்துருச்சு. கொழும்புக்குக் கிளம்புறப்ப, நல்ல சேதியோடதான் வீட்டுக்குத் திரும்பி வருவேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன். இப்ப சேதி அங்கதானே வருது. நான் வெறுங்கையோட வரலாம்ல?

ஜீவராணி