மன்னிப்புக் கேட்ட கடிதம்

அன்புள்ள ஐலீனுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பென்சான்ஸில் ஓயாத மழை. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவனுக்கு வெயில் எதற்கு? நன்றாகவே இருக்கிறேன்.

ஒரு விஷயம், பதறாதே. ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் முன்பு தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தோமே, அதோடு நம் இருவர் பேரிலும் இருந்த கடனும் தீர்ந்தது என்றுதானே இருந்தோம்? தீரவில்லையாம். வீட்டை விற்றும் இருபதாயிரம் பவுண்டு பாக்கி என்று போன மாதம் வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வெலவெலத்துப்போய், "மன்னிக்கவும், முடிந்தபோது கட்டுகிறேன்" என்று அன்றே பதில் போட்டேன்.

நேற்று இலவசக் கடன் ஆலோசனை மையத்தில் இதைச் சொன்னதும், ஆலோசகர் திருமதி ட்ரெவேனா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உங்க காலை மிதிச்சவன்கிட்டயும் நீங்கதான் சாரி சொல்வீங்களா? பன்னிரண்டு வருஷம் பணமும் கட்டாம, கடனை ஒத்துக்கிட்டு எழுதியும் கொடுக்காம இருந்தா, அவங்களால கேஸே போட முடியாது. இன்னும் நாலே மாசம்தான் இருந்துச்சு! இப்ப உங்களுக்கு மறுபடி முதல்லேருந்து பன்னிரண்டு வருஷம்."

அப்போதும் என் வாயில் வந்தது "சாரி"தான்.

எழுதியது நான் மட்டும் என்பதால் உனக்கு அந்த நாலு மாதம் அப்படியே இருக்கிறதாம். உனக்குக் கடிதம் வந்தால் பதில் போடாதே, ஒரு பென்னிகூடக் கட்டாதே. எனக்கு அனுப்பு, அவரிடம் காட்டுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பாத்திரம் குவிகிறது, முடிக்கிறேன். உனக்கும் என் பழக்கம்தான். யாரிடமாவது மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், எனக்கு எழுது. வாராவாரம் எழுது.

டெரெக்