ஓட்டுநர் பாஸ்கரனைப் பேருந்திலிருந்து இறக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ரெஜின் ஐப்,
எம்.ஆர்.ஐ. ஸ்கேன் டெக்னீஷியன்,
அரசு மருத்துவமனை, செம்மணிக்கடவு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அதே மருத்துவமனை.

பொருள்: ஸ்கேன் படத்தை முதலிலும் அறிக்கையைப் பிறகும் கொடுப்பதால் நேரும் கேடு.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மையீர்,

1. ஸ்கேன் முடிந்ததும் படத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அறிக்கை எழுதும் டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரை அறிக்கை சொல்பவர் எதிர் சாயாக்கடை குஞ்ஞுமோன். வடையும் பழம்பொரியும் வைக்கும் பெட்டிக்கு மேலுள்ள டியூப்லைட்டில் படத்தைப் பிடித்துப் பார்ப்பார். கட்டணம் இல்லை, சாயா குடித்தால் போதும்.

2. அவர் கணக்கில் வெள்ளை கூடினால் ஆபத்தும் கூடும். ஆசிரியை சரளாதேவியின் படத்தில் மண்டையோட்டை ஒட்டி முழு உருண்டையாக வெளுத்த கட்டி. "முத்திப்போச்சு டீச்சரே" என்று சொல்லிவிட்டார். துபாயிலிருந்து தம்பி விழுந்தடித்து வந்தார். வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்தார்: மூளை உறையில் மெல்ல வளர்வது, பெரும்பாலும் முதல் தரம், நான்கு தரங்களில் மிகச் சாதுவானது, எடுத்துவிடலாம். லீவு மிச்சமிருப்பதால் தம்பி இப்போது தினமும் அதே கடையில் பழம்பொரி தின்கிறார்.

3. ஊசி மருந்து ஏற்றியும் வெளுக்காமல் மங்கலாகப் படர்ந்திருப்பவை பெரும்பாலும் தாழ்ந்த தரம், அதாவது வேகம் குறைந்தவை. நடுவில் கறுத்து, சுற்றிலும் கோணல் வளையமாக வெளுத்து, அக்கம்பக்கம் வீங்கியிருந்தால்தான் அஞ்ச வேண்டும். வளர்ந்த வேகத்தில் நடுப்பகுதி செத்திருக்கும். சீழ்க்கட்டியும் இப்படித் தெரியலாம். எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. சதைப் பரிசோதனைதான் உறுதி சொல்லும். டியூப்லைட் சொல்லாது.

4. பேருந்து ஓட்டுநர் பாஸ்கரன் வலிப்பு வந்து ஸ்கேனுக்கு வந்தவர். அவர் படத்தில் இருப்பது அந்த வளையம். குஞ்ஞுமோன் தீர்ப்பு: "நடுவுல காலியா இருக்கு பாஸ்கரா. உள்ள இருந்தது கரைஞ்சுபோச்சு. போய் வண்டிய எடு." நான் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். "மோனே, நீ பட்டன் அமுக்குறவன். அத ஒழுங்கா அமுக்கு" என்றார். கடையே சிரித்தது. டெக்னீஷியன் நோயாளியிடம் முடிவு சொல்லக் கூடாது என்பது தங்கள் சுற்றறிக்கை. ஆகவே பாஸ்கரன் சேட்டனிடம், அறிக்கை வரும்வரை ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

5. இன்று காலை, படிக்கட்டு வரை ஆள் தொங்கும் வண்டியை ஓட்டியபடி, எனக்கு ஹார்ன் அடித்துக் கைகாட்டிச் சென்றார்.

6. படத்தையும் அறிக்கையையும் சேர்த்துக் கொடுப்பது பற்றிக் கூட்டம் போட்டு முடிவெடுங்கள். எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் போடுங்கள். இன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் வண்டி இரண்டரைக்கு நம் வாசலில் நிற்கும். தாங்கள் ஸ்டெதாஸ்கோப்போடு வந்து ஓட்டுநர் கதவருகே நின்றால் இறங்கிவிடுவார். நான் நின்றால், ஏறு மோனே, நேரமாச்சு என்பார்.

வாசலில் காத்து நிற்கும்,
ரெஜின் ஐப்

இடம்: செம்மணிக்கடவு
நாள்: புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி