கடைத்தெரு வழியாகவா, சுற்றியா?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அவள், குழந்தை மூவரும் நலம். அங்கே நீ, மாமா, உன் தையல் மெஷின் மூவரும் நலமா? மெஷினை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வாய், தெரியும்.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். “வேலை இருந்தாத்தானே அக்கா ஞாபகம் வரும்” என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் இந்த வேலை உனக்குப் பிடிக்கும்.

எங்கள் இலாகா போடப்போகிற புது நெடுஞ்சாலை நம் ஊர்ப் பக்கமாக வருகிறது. இரண்டு வரைபடம் போட்டிருக்கிறோம். ஒன்றில் சாலை நம் கடைத்தெரு வழியாகவே போகிறது. மற்றதில் ஊரைத் தொடாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது. எது என்று முடிவு செய்ய ஊரைப் பற்றிய விவரம் வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு, என்னென்ன சாலைகள், ஜனங்களுக்கு வேலை கொடுக்கிற பெரிய இடங்கள் எவை, இவ்வளவுதான். நகராட்சிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டாயிற்று. கிணற்றில் போட்ட கல். எங்கள் எஞ்சினீயர், “உங்க ஊர்தானேப்பா, சொந்தக்காரங்க யாராவது இருந்தா எழுதி வாங்கேன்” என்றார். அந்த ஊரில் எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. சாலை கடைத்தெரு வழியாக வந்தால் சைட் ஆபீஸ் நம் ஊரில்தான். இரண்டு வருஷம் எனக்கு அங்கே போஸ்டிங் கிடைக்கும். சுற்றிப் போனால் அது வேறு பிரிவின் வேலை, எனக்குச் சம்பந்தமில்லை. வந்தால் எல்லோருமாக வருவோம். அவளும் சரி என்கிறாள். உன் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?

அன்புடன்,
தம்பி


ஜனவரி 15

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். “உன் தம்பி என்ன, லாட்டரிச் சீட்டா அனுப்பியிருக்கான்?” என்று மாமா கிண்டல் செய்தார். அம்மா போன பிறகு நீ இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. இரண்டு வருஷம் இங்கேயே இருக்கப்போகிறேன் என்றால் லாட்டரி என்ன பெரிய லாட்டரி! மாடி அறை காலியாக இல்லை. மாமாவின் ஓட்டை உடைசல் எல்லாம் அங்கேதான் கிடந்தது. நேற்று அத்தனையையும் கீழே இறக்கி வைத்தேன். மனிதர் இன்னும் என்னோடு பேசவில்லை.

சரி, விவரத்துக்கு வருகிறேன்.

மக்கள்தொகை. ஊர் எல்லைப் பலகையில் நாற்பதாயிரம் என்று போட்டிருக்கும். அதை நம்பாதே. அந்தப் பலகைக்கு வர்ணம் அடித்தவனுக்கே இப்போது பேரன் இருக்கிறான், அவனை யார் எண்ணினார்கள்? நீ எழுபதாயிரம் என்று எழுது. காலை ஷிப்டுக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து இறங்குகிற ஜனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊரில் உழைத்து, நம் ஊர் டீயைக் குடித்து, நம் ஊர் முதலாளியைத் திட்டுகிறவர்கள் நம்மவர்கள் இல்லாமல் வேறு யார்?

வேலை கொடுக்கிற இடங்கள். இதில் என்னைக் கேட்டதற்கு உனக்குக் கோடி புண்ணியம். ஊரில் பாதிப் பேருக்கு யூனிஃபார்ம் தைக்கிறவள் நான். முதலில் பிஸ்கட் ஃபாக்டரி. பழுப்புச் சட்டை. போன வருஷம் மூன்றாவது ஷிப்ட் ஆரம்பித்தார்கள், எனக்குக் கண் மூட நேரமில்லை. அங்கே சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லோருக்கும் இடுப்பளவு கூடிவிடும், அதனால் நானே ஓரத்தில் தாராளமாகத் துணி மடித்து வைத்துத் தைக்கிறேன். அப்புறம் நூல் மில், நீல மேல்கோட்டு. பஞ்சு ஒட்டுமென்று அதற்கு மட்டும் பாக்கெட் வைப்பதில்லை. பஸ் டிப்போ காக்கி. டிரைவர்களுக்கு வலது தோளில் சீக்கிரம் கிழியும். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஸ்டியரிங்கைக் குற்றம் சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு வெள்ளை. இப்போது அங்கே புதுக் கட்டடம் எழுந்துவிட்டது, லிஃப்ட் இருக்கிறது தெரியுமா? மாமா வயிற்று வலி என்று போய், மருந்து வாங்கியதைவிட லிஃப்டில் ஏறி இறங்கியதுதான் அதிகம்.

சாலைகள். கடைத்தெரு, ஆஸ்பத்திரி ரோடு, டிப்போ ரோடு, மில் ரோடு. நான்கும் மணிக்கூண்டு முனையில் வந்து முட்டும். காலையில் அங்கே வந்து பார்க்க வேண்டும்! பஸ், லாரி, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள், எள் போட்டால் எள் விழாது. மாவு மூட்டை ஏற்றிய லாரி அந்த முனையில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. முன்னே வந்து, பின்னே போய், மறுபடி முன்னே வர வேண்டும். அப்போது கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். “ஒடி, ஒடி, இன்னும் ஒடி, போலாம் ரைட்!” மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கம், வளையல்கடைக்காரம்மா ஒரு பக்கம் நின்று வழி சொல்வார்கள். இதுவரை ஒரு லாரிகூட ஒரு கடையின் படியை இடித்ததில்லை. எந்த ஊரில் இருக்கிறது இந்த ஒற்றுமை? வெளியூர் டிரைவர்களே இறங்கி நின்று வியந்து போகிறார்கள். ஒரு நாளைக்கு இருநூறு லாரியாவது போகும்.

இவ்வளவு பெரிய ஊருக்குப் பெரிய சாலை வராமல் வேறு எங்கே போகும்? எஞ்சினீயரிடம் அக்கா சொன்னதாக அப்படியே சொல்.

மாடி ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன். என் மருமகள் குட்டிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எழுது, பிடிக்காவிட்டால் மாற்றிவிடுகிறேன்.

உன்,
அக்கா


பிப்ரவரி 4

தம்பி,

என் கடிதம் கிடைத்ததென்று கார்டு போட்டதில் ஒன்றும் குறையில்லை, சாலையைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் குறை. என்ன ஆயிற்று? டிப்போக்காரர்கள் தினமும் கேட்கிறார்கள், “அக்கா, உங்க தம்பி ரோடு எப்ப போடறாரு?” நானும் இதோ அதோ என்று சமாளிக்கிறேன். வளையல்கடை அம்மா குழந்தைக்கு என்று ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு வரி எழுதிப் போடேன், கை தேய்ந்தா போய்விடும்?

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். சாலை சுற்றித்தான் போகிறது.

உன்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது. நீ எழுதியதை எஞ்சினீயர் கூட்டத்தில் உரக்கப் படித்தார். எல்லோரும் ரசித்துத்தான் கேட்டார்கள். முடித்துவிட்டு அவர் சொன்னது இது: “எழுபதாயிரம் ஜனம், மூணு ஷிப்ட் ஃபாக்டரி, லாரி திரும்பக்கூட இடமில்லாத முனை. இவ்வளவு பெரிய ஊரை நடுவுல அறுத்துக்கிட்டு ரோடு போட முடியுமா? சுத்தித்தான் போகணும்.” ஊர் சின்னதாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், அக்கா. பெரிய ஊர் என்றால் ஒதுக்கிவிடுவார்கள். இதை உனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரைப் பற்றி எழுத என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு வழி உண்டு. ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்ல மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. கடைத்தெருவில் கடை வைத்திருக்கிற நீயே மறுத்து எழுதினால் மறுபடி பார்ப்பார்கள். ஒரு மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் அப்படியே எழுதி, கையொப்பமிட்டு அனுப்பு. நாங்கள் வர வேறு வழியில்லை.

குழந்தைக்கு மஞ்சள் பிடிக்கும்.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

உன் மாதிரிக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

முதலில், நான் எழுதாமல் இல்லை. கடையைச் சாத்திவிட்டு, நல்ல தாளாக எடுத்து உட்கார்ந்தேன். “எங்களுடையது ஒரு சிறிய ஊர்.” ஒரு வரி எழுதினேன். கை கூசியது. போகட்டும், தம்பிக்காக என்று அடுத்த வரியையும் எழுதினேன். “குறிப்பிடும்படியான தொழில்கள் எதுவும் இங்கு இல்லை.” அந்த நேரம் பார்த்துத் தலைமை நர்ஸ் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அளவு கொடுக்க. என்ன எழுதுகிறாய் என்றார். மறைக்கத் தெரியவில்லை, படித்துக் காட்டினேன். “ஒண்ணுமே இல்லையா? அப்ப நாங்கல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூங்கவா வர்றோம்?” என்றார். டேப்பைக் கீழே போட்டுக் குனிந்து தேடுகிற மாதிரி நின்றேன்.

அவர் போனதும் மாமா சொன்னார்: “எழுதிப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது? தம்பி வருவான்ல?”

அந்த ஒரு வார்த்தைக்கு மறுபடி பேனாவை எடுத்தேன், தம்பி. பொய் சொல்ல மாட்டேன். “சாலைகளில் போக்குவரத்து அதிகமில்லை” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எதிரே பழுப்பும் நீலமும் வெள்ளையுமாகத் தைத்து முடித்த துணி கூரை வரை அடுக்கியிருக்கிறது. காலையில் ஒவ்வொருத்தராக வந்து வாங்கிப்போவார்கள். போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்று, “எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? நீங்களெல்லாம் குறிப்பிடும்படி இல்லை என்று கையொப்பம் போட்டவள் நான்தான் என்றா? தாளைக் கிழித்துப் போட்டேன்.

எழுபதாயிரம் கொஞ்சம் தாராளம்தான். லாரியும் இருநூறு இல்லை, நூற்றைம்பது என்று வைத்துக்கொள். அதற்குக் கீழே ஒரு லாரி இறங்க மாட்டேன்.

சாலை சுற்றியே போகட்டும். பெரிய ஊர் என்று ஒதுங்கிப் போகிறதென்றால் அதுவும் எங்களுக்கு ஒரு மரியாதைதான் என்று டிப்போவில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நான் மட்டும் வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? தினமும் மாடி ஏறிப் பெருக்கிவிட்டு இறங்குகிறேன், பைத்தியக்காரி மாதிரி. ஆனால் ஊரைச் சின்னதென்று எழுதிக் கொடுத்துத்தான் தம்பி வர வேண்டும் என்றால், அந்தத் தம்பி எந்த ஊருக்கு வருகிறான்? உனக்கும்தானே இது ஊர்? எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? “பெரிதாக என்ன இருக்கப்போகிறது” என்று நீ எழுதிய வரிதான் என்னை அடித்துப்போட்டது. சாலை போனதுகூட இல்லை.

இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். இலாகா அனுப்பினால்தான் அக்கா வீட்டுக்கு வழி தெரியும் என்றால் அங்கேயே சௌக்கியமாக இரு.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “உங்க அக்கா கேட்டதுல என்ன தப்பு?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

மாதிரிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ முதலில் எழுதியது அப்படியே ஃபைலில் இருக்கிறது, ஒரு லாரியைக்கூடக் குறைக்கவில்லை. சாலை சுற்றித்தான் போகிறது. சைட் ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் போய் அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். என் பதவிக்கு அங்கே இடமில்லை, ஒரு படி கீழே என்றால் உண்டு என்றார்கள். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சேர வேண்டும். அங்கே குவார்ட்டர்ஸ் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், ஆற்றைத் தாண்டினால் அக்கா வீடு, அங்கிருந்து வந்து போய்க்கொள்கிறேன் என்றேன். நீ இன்னும் கோபமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்று.

மாற்றல் உத்தரவு டைப் அடிக்கிற குமாஸ்தா, குடியிருக்கப்போகிற இடம் எது என்று கேட்டார். சொன்னேன். மனிதர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அது எங்கே இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே” என்றார்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ! “என்ன சார், இவ்வளவு பெரிய ஊரைத் தெரியலைங்கிறீங்க?” என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரை அவரை நான் எழுந்திருக்க விடவில்லை.

உன்,
தம்பி